டீ மேக்கர் சிவகுருவின் கடைவாய்ப்பல்

குன்னூரிலிருந்து கொலக்கம்பை போகிற வழியில், பஸ் மூச்சு வாங்கித் திரும்புகிற ஒரு வளைவுக்குக் கீழே போஜனின் டீ ஃபேக்டரி இருக்கிறது. சுற்றுவட்டாரத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் எல்லாரும் பச்சை இலையைப் பறித்து அங்கேதான் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்த ஃபேக்டரிக்கு முதலாளி போஜன். நாக்கு, டீ மேக்கர் சிவகுரு. இதை அங்கே யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. இலை வாடி, அரைபட்டு, புளித்து, காய்ந்து தூளாக வந்ததும் சிவகுரு ஒரு கரண்டி உறிஞ்சிப் பார்த்து "ஆகட்டும்" என்றால்தான் மூட்டை கட்டுவார்கள். அவர் முகத்தைச் சுளித்தால் அத்தனை மூட்டையும் அப்படியே நிற்கும்.

ருசி பார்ப்பது என்றால் நாம் டீக்கடையில் ஊதிக் குடிக்கிற மாதிரி இல்லை. வெள்ளைக் கோப்பைகளில் சாயம் இறக்கி வரிசையாக வைத்திருப்பார்கள். சிவகுரு கரண்டியில் மொண்டு, தகரக்கூரை அதிர ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். சாயம் நாக்கின் மூலைமுடுக்கெல்லாம் போய்வரும். பிறகு தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார். ஒரு சொட்டு தொண்டைக்குள் இறங்காது. பழக்கதோஷத்தில் இதே உறிஞ்சலை வீட்டில் ரசத்துக்கும் செய்துவிடுவதால், அவர் சாப்பிட உட்கார்ந்தாலே மனைவி பாலாமணி டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

அவருடைய அப்பா சிறுமுகைப் பக்கத்திலிருந்து விறகு லாரியோடு மலையேறி வந்தவர். குளிருக்குப் பயந்து நாளைக்கே இறங்கிவிடுவேன் என்று சொல்லிச் சொல்லியே காலம் முழுக்க மேலேயே இருந்துவிட்டார். சிவகுரு பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, இந்த ஃபேக்டரிக்கு மூட்டை தைக்க வந்தார். கணக்கு கைவிட்டாலும் நாக்கு கைகொடுத்தது. படிப்படியாக டீ மேக்கராகிவிட்டார். குன்னூர் ஏலத்துக்குப் போகிற சாம்பிளில் "இது சிவகுரு பார்த்த டீ" என்றால் புரோக்கர் ஆபீஸில் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதைதான் அவருடைய சொத்து. காரும் கிடையாது, தோட்டமும் கிடையாது.

டீத்தூளுக்கு ஒரு கெட்ட புத்தி. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஃபேக்டரிக்குள் பூ கூடாது, பவுடர் கூடாது, சென்ட் கூடவே கூடாது என்பது சிவகுரு போட்ட சட்டம். இதிலே கொடுமை என்னவென்றால், தைலமும் கூடாது. நீலகிரியில் பிறந்துவிட்டு, மூக்கடைத்தால் நெஞ்சில் இரண்டு சொட்டுத் தைலம் தேய்க்கக் கூடாது என்றால் மனுஷன் என்ன செய்வான்? மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை பார்ப்பான். காலையில் கேட் அருகே சிவகுரு நின்றுகொள்வார். ஒவ்வொருவராக உள்ளே வரும்போது லேசாகக் குனிந்து மோந்து பார்ப்பார். தூள் சலிக்கிற தபித்தாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்ட சென்ட் திங்கட்கிழமையும் வீசியது என்று அவளைத் திருப்பி அனுப்பியவர் அவர். தபித்தாள் அன்றைக்குத் திட்டிய திட்டில் பாதியை இங்கே எழுத முடியாது.

இப்படிப்பட்ட மனிதரின் வாய்க்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.

சாயம் பார்த்து முடித்ததும் சிவகுருவுக்கு ஒரு பழக்கம். சர்க்கரையைத் தாராளமாகப் போட்ட டீயில் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டை முக்கி முக்கிச் சாப்பிடுவார். அன்றைக்கு முழுக்கத் துப்பிய டீக்கு அது பரிகாரமாம். வர்க்கி கடைவாயில் போய் அப்பிக்கொண்டால் அது அப்படியே கிடக்கும். ராத்திரியும் ஒரு தரம் பல் துலக்குங்கள் என்று பாலாமணி சொல்லிப் பார்த்தாள். தூங்கப் போகிற வாய்க்கு எதற்கு அலங்காரம் என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார்.

கீழ்க்கடைவாயில் ஒரு பல் குத்த ஆரம்பித்தது. குளிர் காற்றுப் பட்டால் குத்தும். சூடு பட்டால் சுரீரென்று காது வரைக்கும் போகும். டாக்டரிடம் போக வேண்டியதுதானே? அங்கேதான் சிவகுருவின் மூளை வேறு மாதிரி வேலை செய்தது. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று ஊரே சொல்கிறது. அப்படியானால் கீழ்ப்பல்லைப் பிடுங்கினால் எது போகும்? கீழ்ப்பல்லுக்குப் பக்கத்தில் இருப்பது நாக்கு. போதாக்குறைக்கு, பல் டாக்டர் ஊசி போட்டால் நாக்கு மரத்துப்போகும் என்று யாரோ பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்ததையும் கேட்டிருந்தார். மரத்த நாக்கு திரும்பி வராவிட்டால்? மறுபடி மூட்டை தைக்கத்தான் போக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

கொஞ்ச நாளில் வலி தானாகவே நின்றுவிட்டது.

சிவகுருவுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரும் வேண்டாம், கீக்டரும் வேண்டாம், உடம்புக்குத் தெரியும் அதைச் சரிசெய்ய என்று பாலாமணியிடம் ஒரு பிரசங்கமே செய்தார். அவள் கேட்டுக்கொண்டே பயறு பொறுக்கினாள்.

அதற்குப் பிறகுதான் ஃபேக்டரியில் டீ கெட ஆரம்பித்தது. கெட்டது என்றால், சிவகுருவின் வாய்க்குக் கெட்டது. உறிஞ்சிப் பார்த்தால் ஒரு புளிப்பு, புளிப்புக்கு அடியில் ஓர் அழுகல். ஒருநாள் லேசாக இருக்கும், மறுநாள் குமட்டும். வீட்டு ரசமும் புளித்தது; ரசம் என்றால் புளிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார். அவர் யோசித்துப் பார்த்தார். டீ இப்படிப் புளிக்கிறது என்றால் ஒரே காரணம்தான் இருக்க முடியும். அரைத்த இலையைப் புளிக்க வைக்கிற தட்டுகளைச் சரியாகக் கழுவவில்லை. பழைய இலை ஒட்டிக்கொண்டு நாறுகிறது. தட்டு கழுவுகிறவள் மருதாயி.

மருதாயி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த குடும்பம். இன்றைக்கும் சிவகுருவை "டீமேக்கரையா" என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் இல்லை. அவள் சம்பளத்தில்தான் மகள் ரஞ்சனி கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். அந்த மழைக்காலத்தில் வழக்கத்தைவிடவும் குறைவாகப் பேசினாள். தட்டு சரியில்லை என்று சிவகுரு எல்லார் முன்னாலும் கத்தியபோது அவள் தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டாள். போய் மறுபடி கழுவினாள். மறுநாளும் புளித்தது. வெந்நீர் வைத்துக் கழுவினாள். அதற்கு அடுத்த நாளும் புளித்தது. தேங்காய்நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தட்டு பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. அவள் விரல்கள்தான் ஊறி வெளுத்துப்போயின. சிவகுரு ஒரு கரண்டி உறிஞ்சினார். புளிப்பு.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. போஜன் கெட்டவர் இல்லை. ஆனால் சிவகுருவின் நாக்கைத் தன் காதைவிட அதிகமாக நம்புகிறவர். அவளைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் இப்படி ஒரு புகார் வந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மருதாயி தலையை ஆட்டினாள். ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரமே சிவகுருவின் பல் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை குத்தல் இல்லை, இடி. கன்னம் ஒரு பக்கம் பன் மாதிரி வீங்கியது. பாலாமணி பயறு பொறுக்குவதை நிறுத்தினாள்.

"ஏனுங்க, இன்னைக்கு நீங்க பல்லு டாக்டர்கிட்ட போகலீன்னா நான் ஊட்ல அடுப்புப் பத்த வெக்க மாட்டேனுங்க."

அடுப்பு விஷயம் என்றதும் சிவகுரு கிளம்பிவிட்டார். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு துணிக்கடை மாடியில் டாக்டர் எல்சாவின் கிளினிக். படி ஏறினார். பாதிப் படியில் உள்ளேயிருந்து விர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. சிவகுருவின் கால்கள் அவரைக் கேட்காமலேயே திரும்பிக் கீழே இறங்கின. கீழே பேக்கரி. வந்ததற்கு ஒரு பொட்டலம் வர்க்கி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், டாக்டர் லீவு என்றார். பாலாமணி வர்க்கிப் பொட்டலத்தையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். அன்றைக்கு அவருக்கு வர்க்கிதான் சாப்பாடு. வீங்கிய கன்னத்தோடு அதைக் கடிக்கவும் முடியவில்லை.

மறுநாள் மருந்துக்கடையில் யாருக்கும் தெரியாமல் ஒரு பாட்டில் கிராம்பு எண்ணெய் வாங்கினார். பஞ்சில் ஒரு சொட்டு விட்டுப் பல்லில் வைத்தால் அப்படி ஒரு சுகம். கன்னத்து வீக்கத்தை மறைக்க மப்ளர் இருந்தது. சிக்கல், பாட்டிலை எங்கே வைப்பது என்பதில்தான். வீட்டில் வைத்தால் பாலாமணி கண்டுபிடிப்பாள். வலி இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். சட்டைப்பையில் வைத்தால் ஃபேக்டரியில் மணக்கும். கிராம்பு எண்ணெயை ஃபேக்டரிக்குள் கொண்டு வருவது என்ன, நினைப்பதுகூடக் குற்றம் என்று சட்டம் போட்டவரே அவர்தானே. யோசித்து யோசித்து, தன்னைத் தவிர வேறு யாரும் கைவைக்காத ஓர் இடத்தில் ஒளித்துவைத்தார். சாம்பிள் அலமாரி. ஏலத்துக்குப் போகிற டீத்தூள் டப்பாக்கள் அடுக்கியிருக்கிற அதே அலமாரி. பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் சுற்றி, டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளினார். கதவைச் சாத்திவிட்டு மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? வாய் முழுக்கக் கிராம்பை வைத்துக்கொண்டு மோந்து பார்த்தால் கிராம்புத் தோட்டத்தில் நின்றாலும் தெரியாது.

புளிப்பு லேசாகத் தெரிந்த ஒரு நாளின் சாம்பிள் குன்னூருக்குப் போனது. புரோக்கர் ஆபீஸிலிருந்து ஸ்டெபின் போஜனைப் போனில் கூப்பிட்டார். ஸ்டெபின் அங்கே ஏலத்துக்கு முன்னால் எல்லா ஃபேக்டரி டீயையும் ருசி பார்க்கிறவர். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினாராம். உங்கள் டீயில் கிராம்பு மணக்கிறது, மசாலா டீ போடுகிறீர்களா, இனிமேல் ஏலக்காயும் வருமா என்று கேட்டார். போஜன் போனை வைத்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. மலை முழுக்க இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பேச்சு பரவிவிடும்.

மத்தியானச் சங்குக்கு முன்னாலேயே எல்லாரையும் சலிக்கிற ஹாலில் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். யாரோ கிராம்பு கொண்டுவந்திருக்கிறார்கள், யார் என்று இப்போதே தெரிய வேண்டும் என்றார் போஜன். பிறகு சிவகுரு பக்கம் திரும்பினார்.

"நீயே மோந்து பாத்துச் சொல்லுப்பா. உன் மூக்குக்கு எவனும் தப்ப முடியாது."

 கிராம்பு என்ற சொல்லைக் கேட்டதுமே சிவகுருவுக்கு அலமாரி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் முதலாளி சொல்லிவிட்டார். வரிசையில் முதலாக நின்ற அடுப்புக்கார வேலனை மோந்தார். கிராம்பு. தபித்தாளை மோந்தார். கிராம்பு. வாட்ச்மேனை மோந்தார், அவனிடமும் கிராம்பு. போகிற போக்கில் ஒரு தூணை மோந்து பார்த்தார், தூணும் கிராம்பு. ஊர் முழுக்கக் கிராம்பு மணந்தது. அவர் குனிகிற இடமெல்லாம் அவர் வாயும் கூடவே வந்தால் வேறென்ன மணக்கும்? குளிரிலும் நெற்றி வேர்த்துவிட்டது. எவரைக் கைகாட்டுவது என்று தெரியாமல் வரிசையின் கடைசி வரைக்கும் வந்து நின்றார்.

கடைசியில் நின்றவள் மருதாயி. அவள் கன்னம் ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருந்ததை முதலில் பார்த்தது போஜன்தான். வாயைத் திற என்றார். அவள் தயங்கி, உள்ளங்கையில் எதையோ துப்பினாள். மென்று நைந்த ஒரு கிராம்பு.

"பல்லு வலி ஐயா. கராம்பு வச்சிருந்தன்."

 போஜன் கத்தவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. தட்டும் ஒழுங்காகக் கழுவுவதில்லை, இப்போது கிராம்பு வேறா, போதும் மருதாயி, கணக்கை முடித்துக்கொண்டு போ என்றார். மருதாயி யாரையும் பார்க்கவில்லை. கிராம்பைக் கையிலேயே மூடிக்கொண்டு, தன் சோற்றுத் தூக்குப்போசியை எடுக்கத் திரும்பினாள்.

சிவகுருவுக்கு நன்றாகத் தெரியும், தட்டு கழுவுகிற இடத்தில் ஒரு கிராம்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றால் மூடிய அலமாரியில் இருக்கிற சாம்பிள் மணக்காது. வாயை மூடிக்கொண்டு நின்றால் இன்றோடு தீர்ந்தது. பாட்டிலை ராத்திரி ஓடையில் வீசிவிடலாம். வாயைத் திறந்தால், கேட்டில் நின்று ஊரையெல்லாம் மோந்த மனிதர் தானே கிராம்பு கொண்டுவந்தார் என்று தபித்தாள் அவர் ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுவாள். மருதாயி கதவு வரைக்கும் போய்விட்டாள். அந்தத் தூக்குப்போசியின் மூடி டங்கென்று ஒரு சத்தம் போட்டது. ரஞ்சனியின் காலேஜ் ஞாபகம் வந்து தொலைத்தது.

"முதலாளி, அவ கிராம்பு இல்லீங்க அது. என்னோடதுங்க."

சொல்லிவிட்டு ஹால் மூலையிலிருந்த சாம்பிள் அலமாரியைத் திறந்தார். அடித்த வாடையில் போஜன் அடுத்தடுத்துத் தும்மினார். தும்மி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பின்னாலிருந்து தபித்தாளின் சிரிப்பு ஒன்று கிளம்பியது. அது ஹால் முழுக்கத் தொற்றிக்கொள்ள ரொம்ப நேரம் ஆகவில்லை. சிவகுரு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போஜன் சிரிக்கவில்லை. பல்லைச் சரிசெய்யாமல் இந்த இரண்டு பேரும் ஃபேக்டரிப் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டு, தானே ஜீப்பை எடுத்தார். சிவகுரு முன்சீட்டில், மருதாயி பின்சீட்டில். இந்த முறை கிளினிக் படியில் சிவகுருவால் பாதியில் திரும்ப முடியவில்லை; பின்னால் போஜன் ஏறி வந்தார்.

மருதாயி முதலில் உள்ளே போனாள். போன வேகத்தில், வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்தவள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பல் காப்பாற்றுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, பிடுங்கிவிட்டேன், மற்ற பற்களைச் சுத்தம் செய்ய மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன் என்றாள் எல்சா. கூடலூர்ப் பக்கத்துப் பெண். பேசும்போது மலையாளம் எட்டிப் பார்க்கும்.

சிவகுரு தனக்குப் பிரஷர் இருக்கிறது என்றார். எல்சா பிரஷர் பார்த்தாள், சரியாக இருந்தது. சர்க்கரை இருக்கும் போல என்றார். அதையும் பார்த்தாள், இல்லை. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று கடைசியாக ஒன்றைச் சொன்னார். ஆமாம், செவ்வாய்க்கிழமை கிளினிக் உண்டு என்று சொல்லி அவள் நாற்காலியைச் சாய்த்துவிட்டாள். வேறு வழியில்லாமல், ஊசி போட்டால் தன் நாக்கு போய்விடுமா என்று ஒரு பிள்ளையைப் போலக் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. இந்தப் பக்கம் உதடும் நாக்கும் மரக்கும், சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடும், பேடிக்க வேண்டாம், பயமே வேண்டாம் என்றாள். கண்ணும் போகாது, நாக்கும் போகாது, அதெல்லாம் கட்டுக்கதை.

பிறகு ஒரு சின்னக் கண்ணாடியை விட்டு உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது முதல்ல நல்லா வலிச்சு, அப்புறம் தானே நின்னிருக்குமே?"

ஆமாங்க, தானே சரியாயிருச்சு என்றார் சிவகுரு, கொஞ்சம் பெருமையாகவே.

"சரியாகலை. உள்ளே நரம்பு செத்துப்போச்சு. அப்பதொட்டு அடியில சீழ் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமா வாய்க்குள்ள கசியுது. எதைக் குடிச்சாலும் ஒரு புளிச்ச, அழுகின ருசி வந்திருக்கணும். நீங்க கவனிக்கலையா?"

 சிவகுருவின் வாயில் கருவி இருந்தது.  கவனிக்காமல் என்ன? வாரக்கணக்கில் அதைத்தானே கவனித்தார். கரண்டி கரண்டியாக உறிஞ்சி, ஆராய்ந்து, இன்ன இடத்தில் தப்பு என்று துல்லியமாகத் தீர்ப்பும் சொன்னாரே. தேங்காய்நாரும் வெந்நீரும் வெளுத்த விரல்களும் அவர் கண்முன்னே வந்தன. டாக்டர் ஊசி போட்டபோது அவருக்கு வலித்ததே தெரியவில்லை. வலி ஆரம்பித்தபோதே வந்திருந்தால் ஒரு சின்ன அடைப்போடு போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே அவள் பல்லைத் திறந்து சீழை எடுத்து, தற்காலிகமாக அடைத்தாள். வேரைச் சுத்தம் செய்து பல்லைக் காப்பாற்றிவிடலாம், இன்னும் சில தடவை வர வேண்டும் என்றாள். வர்க்கியைக் குறைக்கச் சொன்னாள். ராத்திரியும் பல் துலக்கச் சொன்னாள். கதவைத் திறந்துகொண்டு அவள் சொன்ன இந்தக் கடைசி இரண்டு மட்டும் வரவேற்பறையில் போஜன் காதில் விழுந்தது.

திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது. போஜன் விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டினார். சிவகுருவின் வாய் ஒரு பக்கம் செத்துக் கிடந்தது. உதடு எங்கே முடிகிறது, நாக்கு எங்கே இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. பின்னால் மருதாயி பஞ்சைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள். பேசக்கூடிய ஒரே ஆள் போஜன்தான், அவரும் பேசினார். கிராம்பு விஷயம் சிவகுருவோடு முடிந்தது, அதை விட்டுவிடலாம். ஆனால் டீ புளிக்கிற விஷயம் அப்படியேதான் இருக்கிறது. அதைச் சொன்னது சிவகுரு, நாக்கு பொய் சொல்லாது. மருதாயி இந்த மாதத்தோடு நின்றுகொள்ளட்டும், தட்டு கழுவ வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மருதாயி காதில் விழுகிற மாதிரியே சொன்னார்.

சிவகுருவுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. வாய் மரத்திருக்கிறது, பேச முடியாது. சாயங்காலத்துக்குள் நாக்கு திரும்பிவிடும். நாளைக்குப் புளிப்பும் இருக்காது. புது ஆள் நன்றாகக் கழுவுகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். அவர் நாக்கின் பேரும் குன்னூர் வரைக்கும் அப்படியே இருக்கும். உண்மை தெரிந்தவள் எல்சா ஒருத்திதான்; அவளுக்கு ஃபேக்டரி விஷயம் தெரியாது. அவர் திரும்பிப் பார்த்தார். மருதாயி வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மடியில் மல்லாந்து கிடந்தது. தோல் உரிந்த விரல்கள்.

"டீ நழ்ழாத்தா இழுந்துச்சு," என்றார் சிவகுரு.

போஜன் புரியாமல், பேசாதே என்று டாக்டர் சொன்னாரே என்றார். சொன்னது மருதாயியிடம்தான், தன்னிடம் இல்லை என்பதைச் சொல்லவும் சிவகுருவுக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. எச்சில் வழிந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, போஜனின் தோளைப் பிடித்து உலுக்கி மறுபடி சொன்னார். டீ நழ்ழாத்தான். புழிச்சது பழ்ழு. எம் பழ்ழு. வாயை ஆவென்று திறந்து தன் கடைவாயைக் காட்டினார், மருதாயியின் கையைக் காட்டினார், மறுபடி கடைவாயைக் காட்டினார். போஜன் ஜீப்பை ஓரம்கட்டினார். 

"அப்போ, தட்டு?"

தட்டில் ஒன்றும் இல்லை என்று சிவகுரு கையை விரித்தார்.

போஜன் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். மருதாயி வாயிலிருந்த பஞ்சை எடுத்து முந்தானையில் சுற்றினாள். அவளுக்கும் நாக்கு கொஞ்சம் குழறியது, ஆனால் புரிந்தது.

"எனக்குப் போன தீவாளியில இருந்து வலி, ஐயா. வாயைத் தொறந்து காட்டுன்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் கேட்டாங்க. அதுவும் கராம்பு தேடுறதுக்கு."

 சிவகுருவுக்கு ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் போல் இருந்தது. திரும்பி, கையைக் கூப்பி, மழ்ழிச்சுக்கோ என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, மூக்கும் ஒழுகியது, வாயும் ஒழுகியது. மருதாயி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கோபமாக இல்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

"இப்ப வேணாம், டீமேக்கரையா. நாக்கு வரட்டும். நாளைக்குக் காலையில எல்லார் முன்னுக்கும் தெளிவாச் சொல்லுங்க. புளிக்குதுன்னு சொன்னது எல்லார் முன்னுக்குந்தானே."

சொல்லிவிட்டுப் பஞ்சை மறுபடி வைத்துக் கடித்துக்கொண்டாள். போஜன் வண்டியை எடுத்தார். நாளைக்குக் காலை ஹாலில் வேலன் நிற்பான், வாட்ச்மேன் நிற்பான், முதல் வரிசையில் தபித்தாள் நிற்பாள். சிவகுரு மரத்த கன்னத்தை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டார். இந்த நாக்கு போய்விடக் கூடாதே என்று இத்தனை மாதம் பல்லைக் காட்டாமல் இருந்தவர், இப்போது அது திரும்பி வர இன்னும் நாலு நாள் ஆகக் கூடாதா என்று வேண்டிக்கொண்டு வந்தார். ஆனால் வீடு போய்ச் சேருவதற்குள் நுனிநாக்கு குறுகுறுக்க ஆரம்பித்துவிட்டது.